துவேஷமும் அலங்காரமும்

பேய்க் கதை படிக்கிறேன் என்று நாலு பேர் நடுவில் சொல்லிக்கொள்ள நம்மில் பலருக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. துப்பறியும் கதை படிப்பதைக்கூட ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். ரயில் பிரயாணத்துக்காக வாங்கினேன் என்று ஒரு சமாதானமும் சொல்லிவிடுகிறார்கள். பேய்க் கதைக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. நல்ல பயங்கரக் கதை எழுதுவது நல்ல குடும்பக் கதை எழுதுவதைவிடச் சிரமமான காரியம் என்பது என் அபிப்பிராயம். குடும்பக் கதையில் வாசகர் தம் பங்குக்கு ஏதாவது சேர்த்துக்கொள்வார். பயங்கரக் கதையில் எல்லாவற்றையும் ஆசிரியரே கொண்டுவர வேண்டும். அதிலும் ஒரு சொல் கூடினால் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிடும்.

இந்தத் துறையில் பெயர் பெற்ற அமெரிக்க ஆசிரியர்கள் சிலர்மீது நெடுங்காலமாக இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. அவர்கள் மனித ஜாதியை வெறுக்கிறவர்கள் என்பது ஒன்று. அவர்களுடைய நடை அளவு மீறிய அலங்காரம் கொண்டது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் விமர்சகர்கள் இவற்றைத் தனித்தனி வழக்காக விசாரிக்கிறார்கள். வெறுப்பை ஒழுக்கக் குறையாகவும் அலங்காரத்தை ரசனைக் குறையாகவும் பிரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வழக்கு என்று தோன்றுகிறது. ஓர் ஆசிரியர் எங்கே அலங்காரம் செய்கிறார், எங்கே நகையைக் கழற்றி வைக்கிறார் என்று கவனித்தால், அவருடைய வெறுப்பு எத்தகையது என்பது தெரிந்துவிடும்.

இதை எனக்கு முதலில் உணர்த்தியது விமர்சன நூல் எதுவும் அல்ல. என் அக்கா. என் இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியை அவளிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். அதில் ஒரு வட்டிக் கடைக்காரர் வருகிறார். அவர் கடையில் உட்கார்ந்திருக்கும் காட்சியை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். பாம்பு, பிணம், அழுகல், இருள் என்று எனக்குத் தெரிந்த அத்தனை அடைமொழிகளையும் அவர் தலையில் கொட்டியிருந்தேன். அந்த இரண்டு பக்கத்தில் எனக்குப் பெருமையும் உண்டு. அக்கா படித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “எழுத்தெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஏண்டா, இந்த மனுஷனை நீ பார்த்து எழுதினாயா, வைது எழுதினாயா?”

எனக்குச் சுருக்கென்றது. போய் மறுபடி படித்துப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் அந்த மனிதர் கண்ணாடி போட்டவரா இல்லையா என்பதுகூட இல்லை. எங்கள் அப்பா ஒருவரிடம் வாங்கிய கடனுக்கு நான் காகிதத்தில் கட்டிய வட்டி அது. அவ்வளவுதான்.

பார்த்து எழுதுவது, வைது எழுதுவது என்ற இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஹெச். பி. லவ்கிராஃப்டிடம் போகலாம்.

லவ்கிராஃப்ட் 1890-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி ரோட் ஐலண்ட் மாகாணத்தில் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். அவருக்கு மூன்று வயது நிரம்புவதற்கு முன்பே தகப்பனாருக்குச் சித்தம் கலங்கி, பட்லர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1898-ல் அவர் அங்கேயே இறந்தார். தாய்வழிப் பாட்டனாரின் பெரிய வீட்டில் பிள்ளை வளர்ந்தது. 1904-ல் பாட்டனார் இறந்ததும் சொத்து கரைந்துவிட்டது. வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தாயாரும் 1919-ல் அதே ஆஸ்பத்திரிக்குப் போனார், 1921-ல் காலமானார். மகன் 1937-ல், 46-வது வயதில், குடலில் புற்று நோய் கண்டு இறந்தார். உயிரோடு இருந்த வரை அவருடைய கதைகள் பெரும்பாலும் 1923-ல் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ முதலான மலிவுப் பத்திரிகைகளில்தான் வந்தன. இறந்த பிறகு, 1939-ல், ஆகஸ்ட் டெர்லெத், டொனால்டு வாண்ட்ரே என்ற இரு நண்பர்கள் ஆர்க்கம் ஹவுஸ் என்ற பிரசுராலயத்தை ஆரம்பித்து அவர் கதைகளைப் புத்தகமாகப் போட்டார்கள். 2005-ல் அமெரிக்க இலக்கியத்தின் பெரியவர்களைப் பதிப்பிக்கும் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா வரிசையிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

குழந்தையாக இருந்தபோதே ஆயிரத்தோரு இரவுக் கதைகளில் அவர் மூழ்கியவர். பின்னாளில் தம் கதைகளில் வரும் மந்திரப் புத்தகத்துக்கு அப்துல் அல்ஹஸ்ரத் என்று ஓர் அராபியக் கர்த்தாவைக் கற்பித்தாரே, அந்தப் பெயர் சிறு வயதில் அவர் தமக்கே சூட்டிக்கொண்டு விளையாடிய பெயர். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தின்மீதும் அவருக்கு அளவில்லாத மோகம். பாட்டனார் வீடு கைவிட்டுப் போன பிறகு பழைய பாஷைதான் அவருக்கு வீடாக இருந்தது என்று நான் நினைக்கிறேன். நல்ல நாளில் அங்கே ஜன்னல் திறந்திருக்கும். கெட்ட நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து தெருவைப் பார்த்துக் கத்துவார்.

1945-ல் எட்மண்டு வில்ஸன் என்ற பெரிய விமர்சகர் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் லவ்கிராஃப்டை ஒரு பிடி பிடித்தார். கோரம், பயங்கரம், விபரீதம் என்ற அடைமொழிகளைப் பக்கத்துக்குப் பக்கம் இறைப்பவரால் பயத்தை உண்டாக்க முடியாது. பயமூட்டும் கதையில் அந்த வார்த்தைகளைத் தவிர்ப்பதுதான் முதல் விதி என்பது அவர் வாதத்தின் சாரம். இது நியாயமான வாதம். பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டுகிறவர் “பார், பூச்சாண்டி எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது!” என்று சொல்லிக்கொண்டே வந்தால் பிள்ளை பயப்படாது. ஆனால் வில்ஸன் எல்லாக் கதைகளையும் ஒரே தராசில் போட்டுவிட்டார். எந்த இடத்தில் அடைமொழி பெருகுகிறது, ஏன் பெருகுகிறது என்று அவர் கேட்டிருக்கலாம்.

நாம் கேட்டுப் பார்ப்போம். 1924-ல் லவ்கிராஃப்ட் ஸோனியா கிரீன் என்ற பெண்மணியை மணந்துகொண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடிபோனார். ஸோனியா யூத வம்சத்தைச் சேர்ந்தவர், உக்ரைனில் பிறந்தவர். யூதர்களைப் பற்றி அவதூறாகப் பேசும் பழக்கமுள்ள ஒருவர் யூதப் பெண்ணை மணந்தது அவர் வாழ்க்கையின் விசித்திரங்களில் ஒன்று. மனைவி நடத்திய தொப்பி வியாபாரம் நொடித்தது. பிழைப்புக்காக அவர் வேறு ஊருக்குப் போனார். லவ்கிராஃப்டுக்கு வேலை கிடைக்கவில்லை. கப்பல் துறைக்கு அருகில் ஒரு வாடகை அறையில் தனியே இருந்தார். 1925-ஆம் ஆண்டு மே மாதம் திருடர்கள் அந்த அறைக்குள் புகுந்து, அவரிடம் இருந்த நல்ல உடைகளையெல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். ஆகஸ்டு மாதம் அவர் ‘ரெட் ஹூக்கில் பயங்கரம்’ என்ற கதையை எழுதினார்.

ரெட் ஹூக் என்பது புரூக்ளினில் நிஜமாகவே உள்ள துறைமுகப் பகுதி. பல தேசத்து ஏழைகள் வந்து குடியேறிய இடம். அந்தத் தெருக்களைப் பற்றிக் கதையில் வரும் வர்ணனைகளைப் படித்தால், என் வட்டிக் கடைக்காரரைப் பற்றிய இரண்டு பக்கம் எனக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. நாற்றம், கூச்சல், சந்து, கறுத்த முகம், பழுப்பு முகம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வார்த்தை அடுக்குகிறார். சிரியாக்காரர், இத்தாலியர், ஸ்பானியர், நீக்ரோக்கள், குர்துகள் என்று ஜாதி ஜாதியாகப் பட்டியல் போடுகிறார். அந்தக் குடியேறிகளில் ஒருவருடைய முகம்கூடக் கதையை மூடிய பிறகு என் நினைவில் நிற்பதில்லை. கடையில் ரொட்டி வாங்குகிற ஒருத்தி இல்லை. வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தைக்கிற ஒரு கிழவர் இல்லை. அத்தனை அலங்காரமும் பார்க்காமல் இருப்பதற்காகவே கட்டிய திரை.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த வருஷம் அந்தத் தெருவில் நான் நடந்து போயிருந்தால் அந்தப் பட்டியலில் நானும் இருந்திருப்பேன். என் நிறத்துக்கு ஓர் அடைமொழி கிடைத்திருக்கும், அதற்குமேல் கிடைத்திராது. லவ்கிராஃப்டை ரசித்துப் படிக்கிற நம்மவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. ‘அவர் மனித ஜாதி முழுவதையுமே வெறுத்தவர், அதில் இனம் என்ன, நிறம் என்ன’ என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. அந்தச் சமாதானம் செல்லாது. மனித துவேஷம் என்பது பல சமயங்களில் ஒரு கௌரவப் பெயர். உலகத்தையே வெறுக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரனின் நிறத்தைப் பார்த்துவிட்டா வெறுப்பார்? உண்மையான மனித துவேஷி தம்மையும் தம் பாட்டனாரையும் சேர்த்தல்லவா வெறுக்க வேண்டும்? ரெட் ஹூக் கதையில் இருப்பது வெறும் குரோதம். வேலை கிடைக்காதவரின் குரோதம், உடுப்பைப் பறிகொடுத்தவரின் குரோதம். அதற்கு ஆகாயத்தையும் நரகத்தையும் துணைக்கு அழைத்து ஒரு மகத்துவம் கொடுக்கப் பார்த்திருக்கிறார். முடியவில்லை.

இதோடு புத்தகத்தை மூடிவிட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திராது. 1926-ல் அவர் சொந்த ஊருக்குத் திரும்பினார். மறு வருஷம் ‘விண்ணிலிருந்து வந்த நிறம்’ என்ற கதையை எழுதினார். ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகையில் 1927 செப்டம்பரில் வெளியாயிற்று. கிடைத்த சன்மானம் 25 டாலர். அதையும் பல முறை கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், அவர் எழுதியவற்றில் இதுவே சிறந்தது.

கதை எளிமையானது. நேஹம் கார்ட்னர் என்ற விவசாயியின் கிணற்றடியில் 1882-ஆம் வருஷம் வானத்திலிருந்து ஒரு கல் விழுகிறது. காலேஜிலிருந்து பேராசிரியர்கள் வந்து கல்லைத் தட்டிப் பார்க்கிறார்கள், உருக்கிப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். கல் இடி விழுந்து மறைந்துபோகிறது. அதற்குள் இருந்த நிறம் மட்டும் போகவில்லை. அது மனிதர் அறிந்த நிறங்களில் சேராத ஒரு நிறம். அந்த வருஷம் தோட்டத்தில் பழம் பெரிது பெரிதாகக் காய்க்கிறது. வாயில் வைத்தால் கசப்பு. பிறகு செடி கொடிகள், பிறகு ஆடு மாடுகள், பிறகு மனிதர்கள். எல்லாம் சாம்பல் பூத்து உதிர்கின்றன. நேஹமின் மனைவிக்குப் புத்தி பேதலிக்கிறது. மேல்மாடி அறையில் வைத்துப் பூட்டுகிறார்கள். மூன்று பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். ஊரார் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். அம்மி பியர்ஸ் என்ற அண்டை விவசாயி ஒருவர் மட்டும் விடாமல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

இந்தக் கதையில் இரண்டு இடங்களை நான் பல தடவை படித்திருக்கிறேன். முதலாவது, அந்த மனைவியின் பிதற்றல். அவளுடைய பேச்சில் ஒரு பொருளின் பெயர்கூடக் கிடையாது என்கிறார் ஆசிரியர். வினைச் சொற்களும் ‘அது, இது’ போன்ற சுட்டுகளும்தான். ஏதோ அசைகிறது, மாறுகிறது, எடுத்துக்கொள்கிறது. எது என்று சொல்ல அவளிடம் சொல் இல்லை. அடைமொழிக்குப் பேர்போன ஆசிரியர், தம் கதையிலேயே மிக அதிகமாகப் பயந்த ஜீவனிடமிருந்து அடைமொழியை மட்டுமல்ல, பெயர்ச் சொல்லையும் பறித்துவிட்டார். வில்ஸனுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இரண்டாவது இடம் இன்னும் எளிமையானது. கடைசி முறையாக அம்மி நண்பரைப் பார்க்கப் போகிறார். குளிர் காலம். அடுப்பில் நெருப்பில்லை, புகைபோக்கி வழியாக வாடை இறங்குகிறது. படுத்திருக்கும் நேஹம், இன்னும் விறகு கொண்டு வா என்று மகனைக் கூப்பிடுகிறார். மகன் இல்லை, அவன் போய்ச் சில நாளாகிவிட்டது. சற்றுப் பொறுத்து, ‘இப்போது குளிருக்கு இதமாக இருக்கிறதா?’ என்று வந்தவரை விசாரிக்கிறார் நேஹம்.

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். வீடு அழிந்து, குடும்பம் அழிந்து, அறிவும் அழிந்த பிறகு மிச்சம் இருப்பது விருந்தாளியைக் குளிரில் உட்கார வைக்கக் கூடாதே என்கிற நினைப்பு. மனிதர்கள் அற்பம், பிரபஞ்சத்துக்கு நம்மைப் பற்றி அக்கறையே இல்லை என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர் எழுதிய காட்சி இது. இங்கே அவர் வையவில்லை, பார்க்கிறார். பார்க்கத் தொடங்கியதும் நகைகள் தாமாகவே கழன்று விழுந்துவிட்டன. அலங்காரம் முழுக்கப் போய்விடவில்லை. அந்த நிறத்துக்கும் மலைக்கும் மரங்களுக்கும் அது இருக்கிறது. இருக்கட்டும். மனிதனிடம் வரும்போது கை தானே தணிகிறது.

அப்படியானால் அலங்காரம் என்பதே குரோதத்தின் அடையாளமா என்று கேட்கலாம். இல்லை என்பதற்குச் சாட்சி லவ்கிராஃப்டின் கடித நண்பர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித். 1893-ல் கலிபோர்னியாவில் பிறந்து, ஆபர்ன் என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு மரக் குடிசையில் வெகு காலம் வாழ்ந்தவர். அகராதியை முதலிலிருந்து கடைசிவரை படித்துத் தாமே கற்றுக்கொண்டவர். பழம் பறித்தும் விறகு வெட்டியும் தோட்ட வேலை செய்தும் பிழைத்தார். வயதான தாய் தகப்பனாரைக் காப்பாற்றப் பணம் வேண்டியிருந்தது. அதற்காக 1929-க்குப் பிறகு சில வருஷங்களில் பத்திரிகைகளுக்குக் கதை கதையாக எழுதினார். 1935-ல் தாயாரும் 1937-ல் தகப்பனாரும் இறந்த பிறகு கதை எழுதுவதை ஏறக்குறைய விட்டேவிட்டார். 1961-ல் காலமானார். லவ்கிராஃப்ட் நகை போட்டுக்கொண்டார் என்றால் ஸ்மித் நகையாலேயே ஆடை நெய்தார். பக்கத்துக்கு நாலு முறை நாமும் அகராதியை எடுக்க வேண்டும்.

அவருடைய ‘மாந்திரீகர்களின் சாம்ராஜ்யம்’ என்ற கதை 1932-ல் வந்தது. சூரியன் மங்கிப்போன ஒரு கடைசிக் காலம். இரண்டு மாந்திரீகர்கள் ஒரு பாலைவன தேசத்துக்கு வந்து, அங்கே கொள்ளை நோயில் இறந்துபோன ஜனங்களையெல்லாம் எழுப்பி அடிமை வேலை வாங்குகிறார்கள். ராஜாக்களும் எழுந்து வந்து குனிந்து நிற்கிறார்கள். செத்தவர்களுக்கு ஒரே ஓர் ஆசைதான்: மறுபடி தூங்க வேண்டும். இல்லெய்ரோ என்ற கடைசி அரசனுக்கு மெல்ல மெல்ல நினைவும் வருத்தமும் திரும்புகின்றன. ரகசியமாகச் சதி செய்து மாந்திரீகர்களை ஒழித்து, தன் ஜனங்களை மீளாத இரண்டாவது மரணத்துக்கு அழைத்துப் போகிறான்.

வாழ்க்கையைப் பற்றி இதைவிட நம்பிக்கையற்ற கதை எழுத முடியாது. உயிரோடு இருப்பவர்களில் நல்லவர் ஒருவரும் இல்லை. செத்தவர்களுக்கு மோட்சம் என்பது சாவுதான். ஆனாலும் படிக்கும்போது குரோதம் தெரிவதில்லை, துக்கம்தான் தெரிகிறது. அந்தக் கனத்த வாக்கியங்கள் பெரிய வீட்டுச் சாவில் பிணத்தின்மேல் போர்த்தும் பட்டுப்போல இருக்கின்றன. உழைத்துக் களைத்த ஜனங்கள், செத்த பிறகும் உழைக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். பகலில் பிறர் தோட்டத்தில் பழம் பறித்துவிட்டு வந்த மனிதர் எழுதியது என்று தெரிந்தால் அந்தக் கேள்வியின் சூடு புரியும். இங்கே அலங்காரம் ஒரு மரியாதை. ராஜாவுக்குச் செய்கிற மரியாதையை அடிமைப் பிணங்களுக்குச் செய்திருக்கிறார்.

எதிர்ப்பக்கத்துச் சாட்சியும் உண்டு. ஆம்புரோஸ் பியர்ஸின் நடையில் அலங்காரம் என்பதே மிகக் குறைவு. கத்தி மாதிரி வாக்கியம். 1842-ல் பிறந்து, அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் சிப்பாயாக நின்றவர். அவருடைய ‘சிக்கமாகா’ என்ற கதையில், காட்டில் வழி தவறிய ஒரு சிறுவன், தோற்று ஊர்ந்துவரும் காயம்பட்ட சிப்பாய்களைக் கண்டு விளையாட்டு என்று நினைத்து, ஒருவன் முதுகில் குதிரை ஏறுவதுபோல ஏறப் பார்க்கிறான். பிள்ளைக்குக் காது கேளாது, பேச்சு வராது என்பதைக் கதை முடிவில்தான் சொல்கிறார். மனிதர்மேல் அவருக்கு இருந்த கசப்பு லவ்கிராஃப்டுக்கு இருந்ததைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் யுத்த களத்தைக் கண்ணால் பார்த்தவர், பார்த்ததை எழுதினார். ஆகவே எளிய நடை என்றால் அன்பு, அலங்கார நடை என்றால் வெறுப்பு என்று சூத்திரம் போட்டுவிடாதீர்கள். கேள்வி அக்கா கேட்டதுதான்.

நம் காலத்தில் இந்த மரபின் வாரிசு தாமஸ் லிகோட்டி. 1953-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். பல வருஷங்கள் ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவர். 2010-ல் அவர் வெளியிட்ட ஒரு தத்துவ நூலில், மனிதனுக்குத் தன்னுணர்வு வந்ததே ஒரு விபத்து, பிறக்காமல் இருப்பதே மேல் என்று வாதாடுகிறார். ‘சிவப்புக் கோபுரம்’ என்ற கதையில் பாழடைந்த ஒரு தொழிற்சாலைதான் கதாபாத்திரம், மனிதர்களே கிடையாது. சொன்ன தொடரையே சர்க்கார் கடிதம்போலத் திருப்பித் திருப்பிச் சொல்லி, நம்மை மயக்கத்தில் ஆழ்த்துகிற நடை. அவர் முடிவுகள் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அவரிடம் ஒரு நேர்மை உண்டு. ஒரு தெருவையோ ஒரு நிறத்தையோ பிரித்து வெறுப்பதில்லை. அவர் கணக்கில் முதல் பெயர் அவருடையது.

லவ்கிராஃப்டும் ஒரு முறை அந்த இடத்துக்கு வந்தார். 1931-ல் எழுதிய ‘இன்ஸ்மவுத்தின் நிழல்’ என்ற நீண்ட கதையைச் சொல்கிறேன். தன் வம்சாவளியைத் தேடி ஊர் ஊராகப் போகும் இளைஞன் ஒருவன், பாழடைந்த ஒரு துறைமுகத்தில் தங்குகிறான். அங்கே உள்ளவர்களுக்கு மீன் கண். அவர்கள் கடலுக்கடியில் இருக்கும் ஏதோ ஓர் இனத்தோடு கலந்தவர்கள். இளைஞனுக்கு அருவருப்பு. இரவோடு இரவாகத் தப்பி ஓடுகிறான். இதுவரை ரெட் ஹூக் கதைதான். ஆனால் கதை இன்னும் கொஞ்சம் போகிறது. பிற்பாடு வம்சாவளியை ஆராய்ந்தபோது தெரிகிறது, அவனே அந்த ரத்தம். கண்ணாடியில் அவன் முகம் மாறிவருகிறது. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைபட்டிருக்கும் தன் உறவினனை மீட்டுக்கொண்டு கடலுக்குப் போகத் தீர்மானிக்கிறான்.

தாயையும் தகப்பனையும் ஆஸ்பத்திரியில் பறிகொடுத்த மகன் எழுதிய முடிவு இது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெறுத்த முகம் கடைசியில் தன் முகம். கதையின் பெரும்பகுதியில் சந்து, கதவு, தாழ்ப்பாள் என்று கணக்காக, அடக்கமாகப் போகிற நடை கடைசிப் பத்திகளில் திடீரென்று பொங்கி எழுகிறது. கடலடி நகரத்தைப் பாடுகிறது. முதல் தடவையாக, வேற்றாரைப் பற்றி எழுதும்போது அவருடைய அலங்காரம் வசையாக இல்லாமல் வாழ்த்தாக ஒலிக்கிறது. அது விபரீதமான வாழ்த்துதான். அவர் அதைப் பயங்கரம் என்று நினைத்துத்தான் எழுதினார் என்பதும் சாத்தியம். ஆனால் ஆசிரியர் நினைப்பதைவிட அதிகமாக அவருடைய நடைக்குத் தெரிந்திருக்கும்.

நேரில் அவர் எப்படி? முகம் பார்த்திராத இளைஞர்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார். எழுத்தை இலவசமாகத் திருத்திக் கொடுத்தார். பின்னாளில் ‘ஸைக்கோ’ நாவல் எழுதிய ராபர்ட் பிளாக் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவரிடம் உற்சாகம் பெற்றவர்தான். மனித துவேஷி என்று தம்மை நினைத்துக்கொண்டவருக்குத் தபால்காரர் இல்லாத நாள் பாழ். இதைச் சொல்லி அவருடைய குரோதத்தை மன்னித்துவிடச் சொல்லவில்லை. அது அவர்மேல் படிந்த கறை, இருக்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் உலக விசித்திரக் கதைப் பரிசுக்கு நெடுங்காலம் அவர் தலையையே சிலையாகக் கொடுத்துவந்தார்கள். 2015-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அது சரியான காரியம். கறுப்பரான ஓர் எழுத்தாளர் பரிசு பெற்று வீட்டுக்குப் போய், தம்மை வைதவரின் தலையை அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்? 2016-ல் விக்டர் லவால் என்ற கறுப்பின ஆசிரியர் அதைவிட நல்ல காரியம் ஒன்று செய்தார். ரெட் ஹூக் கதையையே எடுத்துக்கொண்டு, அந்தத் தெருவில் நடக்கும் ஒரு கறுப்பு இளைஞனின் கண் வழியாகத் திருப்பி எழுதினார். அவனுக்குப் பெயர் உண்டு, தகப்பனார் உண்டு, கையில் ஒரு கிதார் உண்டு. லவ்கிராஃப்ட் பார்க்கத் தவறியதை லவால் பார்த்தார். விமர்சனத்தில் இது உயர்ந்த வகை.

ஆகவே இந்தக் கதைகளைப் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: படியுங்கள், விழித்துக்கொண்டு படியுங்கள். வாக்கியம் கனக்கும் இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். அந்தக் கனத்துக்கு அடியில் ஒரு மனிதன் இருக்கிறானா, அல்லது அவனை நசுக்குவதற்காக அந்தக் கனம் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

என் வட்டிக் கடைக்காரரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். எங்கள் தெருக்கோடியில் இருந்த அந்தக் கடைக்கு ஒரு நாள் மத்தியானம் போய், எதிர்த்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடி போட்டிருந்தார். ஒரு பக்கத்துக் காம்பு ஒடிந்து நூல் கட்டியிருந்தது. சாப்பிடுமுன் ஒரு பிடி சோற்றைக் காக்கைக்கு வைத்தார். பிறகு ஒரு கிழவி கொண்டுவந்த தோட்டை வாங்கி, அதே கையால் நிறுத்துப் பார்த்துப் பெட்டியில் போட்டார். அதைப் பன்னிரண்டு வரியில் எழுதினேன். புத்தகம் வந்த பிறகு அக்கா அந்தப் பக்கத்தை மட்டும் சுட்டிக் காட்டி, “இதைப் படிக்கத்தாண்டா பயமாக இருக்கிறது” என்றாள்.